வியட்நாம் போரும் மாறிப்போன அமெரிக்காவும்

1971ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், நான்கே நாட்களுக்குள் அமெரிக்காவில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. ராணுவத்தில் சேர மறுத்த குற்றத்துக்காகக் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீக்கு விதிக்கப்பட்டிருந்த ஐந்தாண்டு சிறைத் தண்டனையை ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிடத் தடை கோரிய அரசின் வழக்கை ஜூன் 30 அன்று அதே நீதிமன்றம் நிராகரித்தது. மறுநாள் ஜூலை 1 அன்று, 18 வயது நிரம்பியவர்களுக்கு வாக்குரிமை அளிக்கும் 26ஆவது அரசியல் சாசனத் திருத்தம் போதுமான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்று நிறைவேறியது.

ஒன்று மத நம்பிக்கை சார்ந்தது, இன்னொன்று பத்திரிகைச் சுதந்திரம், மூன்றாவது தேர்தல் சட்டம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். வியட்நாமில் நடந்துகொண்டிருந்த போர், அமெரிக்கக் குடிமகனுக்கும் அவனுடைய அரசுக்கும் இடையே இருந்த உறவையே புரட்டிப் போட்டுவிட்டிருந்தது. இன்று அமெரிக்காவில் வாழும் முஸ்லிம்கள் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும் பல உரிமைகளுக்கும், அவர்கள் அஞ்சும் பல கெடுபிடிகளுக்கும் அந்தக் காலத்தில்தான் வேர் இருக்கிறது. அதனால் இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு.

போரின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சுக் காலனியாக இருந்த வியட்நாம் 1954இல் வடக்கு, தெற்கு எனப் பிரிக்கப்பட்டது. வடக்கே கம்யூனிஸ்டுகள், தெற்கே அமெரிக்காவின் ஆதரவு பெற்ற ஆட்சி. 1964 ஆகஸ்டில் டாங்கின் வளைகுடாவில் தன் போர்க்கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக அமெரிக்கா அறிவித்தது. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு வெளிவந்தது. ஆனால் அந்தச் செய்தியை வைத்துத்தான் அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு வரம்பில்லாத போர் அதிகாரம் வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. செனட்டில் 88 பேர் ஆதரவு, இருவர் மட்டும் எதிர்ப்பு. 1965 மார்ச்சில் முதல் தரைப்படைப் பிரிவுகள் தா நாங் கடற்கரையில் இறங்கின. 1969இல் அங்கிருந்த அமெரிக்கத் துருப்புகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. 1973இல் அவை வெளியேறின. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது.

58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள். வியட்நாமியரின் இழப்பை அந்நாட்டு அரசு 1995இல் வெளியிட்டபோது, பொதுமக்கள் மட்டுமே இருபது லட்சம் பேர், போராளிகள் பதினோரு லட்சம் பேர் என்றது. அமெரிக்கச் சமூகம் எப்படி மாறியது என்று பேசும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகங்களிலும் திரைப்படங்களிலும் பெரும்பாலும் முதல் எண்தான் பேசப்படுகிறது.

யாருடைய பிள்ளைகள் போனார்கள்?

அன்று அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை நடைமுறையில் இருந்தது. 18 வயதான ஒவ்வோர் ஆணும் தன் ஊரிலுள்ள ஆள்சேர்ப்பு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அழைப்பு வந்தால் போக வேண்டும். 1964 முதல் 1973 வரை சுமார் 22 லட்சம் பேர் இப்படி அழைக்கப்பட்டார்கள். இவர்கள் தவிர, எப்படியும் அழைப்பு வரும் என்று தெரிந்து முன்கூட்டியே தாங்களாகச் சேர்ந்தவர்களும் ஏராளம்.

சட்டம் எல்லோருக்கும் பொது. ஆனால் தப்பிக்கும் வழிகள் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. கல்லூரியில் படிப்பவர்களுக்குச் சேவை தள்ளிவைக்கப்பட்டது. கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை நான்காண்டுகளை இப்படிக் கடத்திவிடுவான். குடும்ப மருத்துவரிடம் சான்றிதழ் வாங்குவது, உள்நாட்டிலேயே பணியாற்றும் தேசியக் காவல் படையில் சிபாரிசு பிடித்துச் சேர்ந்துகொள்வது என்று வேறு வழிகளும் இருந்தன. சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கும் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்தவனுக்கும் இவை எட்டாதவை.

இது போதாதென்று 1966இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா ஒரு திட்டம் கொண்டுவந்தார். எழுத்துத் தேர்வில் தேறாததால் அதுவரை நிராகரிக்கப்பட்டவர்களையும் எடுத்துக்கொள்ளும் திட்டம் அது. பின்தங்கியவர்களுக்குப் பயிற்சியும் வாழ்க்கையில் முன்னேற வழியும் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. சுமார் மூன்றரை லட்சம் பேர் இதன் மூலம் சேர்க்கப்பட்டார்கள். ஐந்தில் இருவர் கறுப்பினத்தவர். போரின் முதல் இரண்டாண்டுகளில், களத்தில் மாண்ட அமெரிக்கர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்தார். நாட்டின் மக்கள்தொகையிலோ அவர்கள் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம். எதிர்ப்பு கிளம்பிய பிறகே இந்த விகிதம் குறைந்தது.

வாக்களிக்கக் குறைந்தபட்ச வயது 21 என்று பெரும்பாலான மாநிலங்களில் இருந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தன்னைப் போருக்கு அனுப்பும் அரசைத் தேர்ந்தெடுக்கும் வயது வருமுன்பே அவன் பிணமாகத் திரும்ப முடியும். 26ஆவது திருத்தம் நிறைவேறியது இந்த வாதத்தின் பலத்தில்தான்.

1969 டிசம்பர் 1 அன்று முறை மாறியது. ஆண்டின் 366 நாட்களையும் சிறு குப்பிகளில் இட்டு, கண்ணாடிச் சாடியிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்த இளைஞர்களுக்கு முதல் அழைப்பு. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அதுவரை போரைப் பற்றி அவ்வளவாக அக்கறைப்படாத நடுத்தர வர்க்க வீடுகளிலும் அன்றிரவு பிள்ளைகளின் பிறந்த தேதியை வைத்துக்கொண்டு பெற்றோர் காத்திருந்தார்கள்.

முன்னே வைக்க மறுத்த கால்

1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரிலுள்ள ராணுவச் சேர்ப்பு மையத்தில், வரிசையில் நின்ற இளைஞர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பெயர் அழைக்கப்பட்டவர் ஓர் அடி முன்னே வைத்தால் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார் என்று பொருள். ‘கேஷியஸ் கிளே’ என்ற பெயர் வாசிக்கப்பட்டபோது உலகக் குத்துச்சண்டை சாம்பியன் முஹம்மது அலீ அசையவில்லை. ஓர் அதிகாரி அவரைத் தனியே அழைத்து, ஐந்தாண்டு சிறை கிடைக்கும் என்று எச்சரித்தார். மீண்டும் பெயர் வாசிக்கப்பட்டது. அப்போதும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அலீயும் மேலே சொன்ன கதையின் ஒரு பகுதிதான். 1964இல் எழுத்துத் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாததால் அவர் ராணுவத்துக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டார். ஆள் தேவை அதிகரித்து தகுதி அளவுகோல் தளர்த்தப்பட்டதும், 1966 பிப்ரவரியில் அவர் திடீரெனத் தகுதியானவர் ஆனார். வியட்நாமியரோடு தனக்கு எந்தப் பகையும் இல்லை என்று அவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னது அப்போதுதான். தன் மார்க்கத்தின் பெயரால் போரை மறுப்பதாக அவர் விண்ணப்பித்தார்.

அவர் அன்று சார்ந்திருந்தது எலிஜா முஹம்மதின் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பு. நிறத்தை வைத்து மனிதர்களைப் பிரித்த அதன் போதனைகளும், எலிஜா முஹம்மதை இறைத்தூதர் என்று சொன்னதும் இஸ்லாமிய அகீதாவுக்கு முற்றிலும் முரணானவை. இதில் ஐயமில்லை. ஆனால் போரை மறுப்பதில் அந்த அமைப்புக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பதிவை மறுத்ததற்காக எலிஜா முஹம்மதே சிறையில் இருந்தவர். அவருடைய மகன் வாரித் தீன் முஹம்மதும் அதே காரணத்துக்காக 1960களின் தொடக்கத்தில் மின்னசோட்டா மாநிலச் சிறையில் இருந்தார். சிறையில் அவர் குர்ஆனை ஆழ்ந்து படித்து, தந்தையின் போதனைகளைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். 1975இல் தந்தை இறந்தபின் தலைமையேற்று, அந்த அமைப்பின் பெரும்பகுதியை அஹ்லுஸ் சுன்னா வழிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அலீயும் அவரோடு வந்தார். அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் வரலாற்றில் இவ்வளவு பெரிய திருப்பத்துக்கு, போரை மறுத்ததால் கிடைத்த ஒரு சிறைவாசமும் காரணமாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அலீயின் விண்ணப்பத்தை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவருடைய நம்பிக்கை உண்மையானது, விண்ணப்பத்தை ஏற்கலாம் என்றே பரிந்துரைத்தார். நீதித்துறை அமைச்சகம் அதைப் புறந்தள்ளியது. அடி எடுத்து வைக்க மறுத்த அன்றே நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் அலீயின் உரிமத்தை முடக்கியது, பட்டமும் போயிற்று. 1967 ஜூன் 20 அன்று அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே கலந்துபேசிய ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஐந்தாண்டு சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம். பிணையில் வெளியே இருந்தாலும் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டதால் வெளிநாட்டிலும் சண்டையிட முடியவில்லை. 25 வயது முதல் 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் மூன்றரை ஆண்டுகள் அப்படியே கரைந்தன. பல்கலைக்கழகங்களில் உரையாற்றிக் கிடைத்த பணத்தில் குடும்பத்தை நடத்தினார்.

1967இல் பெரும்பாலான பத்திரிகைகள் அவரைத் தேசத்துரோகி என்றே எழுதின. அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று நியூயார்க் தேவாலயம் ஒன்றில் மார்ட்டின் லூதர் கிங் போரை எதிர்த்துப் பேசினார். ஏழைகளுக்காக ஒதுக்கிய பணத்தைப் போர் விழுங்குகிறது, சொந்த ஊரில் ஒரே பள்ளியில் சேர்ந்து அமர முடியாத வெள்ளை, கறுப்பு இளைஞர்கள் அங்கே சேர்ந்து சாகிறார்கள் என்பது அவர் வாதம். அவருக்கும் கிடைத்தது வசைதான். கறுப்பினத் தலைவர்களில் பலரே, அதிபரைப் பகைத்துக்கொள்ளாதே என்று அவரைக் கண்டித்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அலீயின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த 1971இல் நாடு வேறாக இருந்தது. இருந்தும், நீதிபதிகள் முதலில் 5க்கு 3 என்ற கணக்கில் தண்டனையை உறுதிசெய்யவே முடிவெடுத்தார்கள். தீர்ப்பை எழுதும் பொறுப்பு நீதிபதி ஜான் ஹார்லனிடம் வந்தது. அவருடைய உதவியாளர்கள் மால்கம் எக்ஸின் சுயசரிதையையும் எலிஜா முஹம்மதின் நூலையும் படிக்கக் கொடுத்தார்கள். படித்தபின் ஹார்லன் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். கணக்கு 4க்கு 4 ஆயிற்று. சமநிலை என்றால் கீழ்நீதிமன்றத் தண்டனை நிற்கும். அலீ சிறைக்குப் போவார். எனவே ஒரு நடுவழி கண்டார்கள். அலீயின் விண்ணப்பத்தை நிராகரித்த மேல்முறையீட்டு வாரியம் என்ன காரணத்தால் நிராகரித்தது என்று சொல்லவில்லை. நீதித்துறை அமைச்சகம் அந்த வாரியத்துக்குக் கொடுத்த ஆலோசனையில் தவறு இருந்ததை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே தண்டனை செல்லாது. எட்டு நீதிபதிகளும் இதில் ஒன்றுபட்டார்கள். வழக்கின் பெயர் கடைசிவரை ‘கிளே’ என்றே இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தீர்ப்பு அலீயைக் காப்பாற்றியது. அவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மூன்றே மாதம் முன்பு, 1971 மார்ச்சில், அதே நீதிமன்றம் வேறு ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தது: மனசாட்சியின் பேரில் விலக்குப் பெற விரும்புகிறவர் எல்லாப் போர்களையும் எதிர்க்க வேண்டும், இந்தப் போர் அநியாயமானது, இதில் மட்டும் சேரமாட்டேன் என்று சொன்னால் விலக்கு இல்லை. போரை முற்றிலும் துறக்கும் கிறிஸ்தவப் பிரிவுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. நியாயமான போரை அனுமதித்து, அநியாயமான போரைத் தடுத்து, இரண்டுக்கும் இடையே வரம்பு வகுக்கும் இஸ்லாத்தை நேர்மையாகப் பின்பற்றும் ஒருவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அதே நிலையில் இருந்த கத்தோலிக்கர் ஒருவரின் மனுவும் அந்த மார்ச் மாதத் தீர்ப்பில்தான் தள்ளுபடியானது.

‘மினாரா’வின் நிழலில்

அதே 1971இல் மார்ச் 8 அன்று இரவு, தடை நீங்கித் திரும்பிய அலீக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் நியூயார்க்கில் பெரும் போட்டி நடந்தது. ஊரெல்லாம் வானொலியில் காதை வைத்திருக்கும் என்று கணக்குப் போட்ட போர் எதிர்ப்பாளர்கள் சிலர், பென்சில்வேனியா மாநிலத்தில் மீடியா என்ற சிற்றூரிலிருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். பெட்டி பெட்டியாகக் கோப்புகளை எடுத்துவந்து பத்திரிகைகளுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள்.

அந்தக் கோப்புகளில் இருந்த ஒரு சொல்தான் ‘கோயின்டெல்ப்ரோ’. போர் எதிர்ப்பாளர்கள், கறுப்பின அமைப்புகள், மாணவர்கள் ஆகியோரின் நடுவே ஒற்றர்களை நுழைத்து, வதந்தி பரப்பி, ஒருவரோடு ஒருவரை மோதவிட்டு அமைப்புகளை உடைக்கும் ரகசியத் திட்டம். நேஷன் ஆஃப் இஸ்லாமும் அதன் பட்டியலில் இருந்தது. 1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு விசாரித்தபோது உளவு அமைப்புகளின் அத்துமீறல்கள் வரிசையாக வெளிவந்தன. அதன் விளைவாக 1978இல் ஒரு சட்டம் வந்தது. தேசப் பாதுகாப்பின் பெயரால் ஒட்டுக்கேட்க வேண்டுமானாலும் அதற்கென உள்ள நீதிமன்றத்தில் அனுமதி பெற வேண்டும் என்றது அது.

தேசியப் பாதுகாப்பு முகமை, போரை எதிர்த்த அமெரிக்கர்களின் வெளிநாட்டுத் தொலைபேசி, தந்தித் தொடர்புகளை 1967 முதல் 1973 வரை ஒட்டுக்கேட்டு வந்தது. மார்ட்டின் லூதர் கிங், முஹம்மது அலீ, ஏன், விசாரணை நடத்திய செனட்டர் சர்ச்சின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்ததை 2013இல் வெளியான ஆவணங்கள் காட்டின. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்திருந்த சங்கேதப் பெயர் ‘மினாரட்’, அதாவது பள்ளிவாசல் மினாரா. யார், ஏன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்களோ!

பொய் வெளுத்தபோது

போருக்கு முன்பு அமெரிக்கர்கள் தங்கள் அரசை நம்பினார்கள். 1964இல் எடுத்த கருத்துக்கணிப்பில், வாஷிங்டன் அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று நூற்றுக்கு 77 பேர் சொன்னார்கள். 1970களின் இறுதியில் இது ஏறத்தாழ நான்கில் ஒருவராகச் சுருங்கியது. அதன்பின் பழைய நிலைக்கு அது திரும்பியதாக இல்லை. 2001 தாக்குதலுக்குப் பிறகு சில மாதங்கள் மட்டும் ஏறி, மீண்டும் விழுந்தது.

இதற்கு வாட்டர்கேட்டை மட்டும் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் வாட்டர்கேட்டே வியட்நாமின் குழந்தைதான். போர் வெல்ல முடியாதது என்று தெரிந்தே அடுத்தடுத்த அதிபர்கள் மக்களிடம் வேறு கதை சொன்னதை, பாதுகாப்பு அமைச்சகத்தின் சொந்த ஆய்வு அறிக்கையைக் கொண்டே அம்பலப்படுத்தினார் டேனியல் எல்ஸ்பெர்க். அவரைப் பழிவாங்க அதிபர் நிக்ஸனின் ஆட்கள் ஒரு ரகசியக் குழு அமைத்து, அவருடைய மனநல மருத்துவரின் அறையை உடைத்துப் புகுந்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்களே மறு ஆண்டு வாட்டர்கேட் கட்டடத் திருட்டையும் திட்டமிட்டார்கள்.

மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என நூற்றுக்கணக்கானோரை அமெரிக்க வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். வியட்நாமின் கணக்கு 504 பேர். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மூடி மறைத்தபின், செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் மூலம் வெளிவந்தது. தண்டனை பெற்றவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர் மட்டுமே. ஆயுள் தண்டனை குறைக்கப்பட்டு, பெரும்பாலும் வீட்டுக்காவலில் சுமார் மூன்றரை ஆண்டுகள் கழித்து வெளியே வந்தார். அன்று தன் ஹெலிகாப்டரை இறக்கி, சொந்தப் படையினரின் துப்பாக்கிக்கும் கிராமத்தாருக்கும் நடுவே நின்று சிலரைக் காப்பாற்றிய விமானி ஹ்யூ தாம்சனுக்கு அதற்கான பதக்கம் 1998இல்தான் கிடைத்தது.

உள்நாட்டிலும் துப்பாக்கி வெடித்தது. 1970 மே 4 அன்று ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பத்து நாள் கழித்து மிஸிஸிப்பியில் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் போலீஸார் சுட்டதில் கறுப்பின இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். முதலாவது உலகம் முழுவதும் நினைவில் இருக்கிறது. இரண்டாவது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

திரும்பி வந்தவர்கள்

வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் பெரிய வரவேற்பு ஏதும் இல்லை. ஓராண்டுக் கெடு முடிந்ததும் தனித்தனியாக விமானமேறி வந்தார்கள். இரண்டே நாளில் காட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு. உறக்கமின்மை, கோபம், குடி, போதை, சிதைந்த குடும்பம் என்று வாழ்ந்தவர்களை ராணுவ மருத்துவமனைகள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. முன்னாள் வீரர்களும் சில மனநல மருத்துவர்களும் பல ஆண்டுகள் போராடியபின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாக அங்கீகரித்தது. இன்று நாம் பி.டி.எஸ்.டி. என்று கேள்விப்படும் பெயர் அப்படி வந்ததே. பத்தில் மூவர் தம் வாழ்வில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்நோய்க்கு ஆளானதாக அரசு நடத்திய ஆய்வு பின்னர் கண்டது. இன்று காஸாவிலும் சிரியாவிலும் வளரும் குழந்தைகளின் மனக் காயங்களை மருத்துவர்கள் பதிவு செய்யும்போது பயன்படுத்துவதும் இதே பெயரைத்தான்.

காடுகளை அழிக்கத் தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ நச்சு, தெளித்தவர்களையும் விடவில்லை. 1984இல் ரசாயன நிறுவனங்கள் 18 கோடி டாலர் கொடுத்து அமெரிக்க முன்னாள் வீரர்களின் வழக்கை முடித்துக்கொண்டன. வியட்நாமியர் தொடுத்த வழக்கையோ அமெரிக்க நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

அகதிகள் இன்னொரு மாற்றம். சைகோன் வீழ்ந்த ஆண்டிலேயே சுமார் 1,30,000 பேர் அமெரிக்கா வந்தார்கள். கம்போடியாவிலிருந்து வந்தவர்களில் சாம் முஸ்லிம்களும் இருந்தார்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் தொழுகையும் தாய்மொழியும் தடைசெய்யப்பட்டு, கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்ட சமூகம் அது. 2018இல் கம்போடியாவின் சிறப்பு நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. தப்பியவர்களில் ஒரு பகுதியினர் வாஷிங்டன் மாநிலத்திலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிப் பள்ளிவாசல் கட்டி வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோருக்குமாக எழுந்த தேவையில் உருவானதுதான் 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம். கம்யூனிச நாடுகளிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் தப்பி வருகிறவர்களே அகதிகள் என்றிருந்த பழைய வரையறையை நீக்கி, ஐ.நா.வின் பொது வரையறையை அது ஏற்றது. பிற்பாடு போஸ்னியா, சோமாலியா, இராக், பர்மா ஆகிய நாடுகளின் முஸ்லிம்கள் நுழைந்த வாசலும் அதுவே.

போரைத் தூரத்தில் வைத்தவர்கள்

1973இல் கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், நிக்ஸனின் மறுப்பையும் மீறி, அதிபரின் போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. படையை அனுப்பினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். 1977 ஜனவரியில் பதவியேற்ற மறுநாளே அதிபர் ஜிம்மி கார்ட்டர், ராணுவ அழைப்பைத் தவிர்த்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றே அன்று தோன்றியது. கற்றுக்கொண்டார்கள்தான், ஆனால் மக்கள் ஒரு பாடம் கற்றார்கள், அரசு வேறு பாடம் கற்றது. பெற்ற பிள்ளைக்கு அழைப்பு வருமென்றால்தான் வீடுகள் தெருவுக்கு வரும் என்று அரசு புரிந்துகொண்டது. சம்பளத்துக்குச் சேர்பவர்களைக் கொண்டு நடத்தும் போரைப் பெரும்பாலான குடும்பங்கள் தொலைக்காட்சிச் செய்தியாக மட்டுமே சந்திக்கும். அந்தச் செய்தியையும் கட்டுப்படுத்தினார்கள். 1991 வளைகுடாப் போரின்போது, திரும்பி வரும் வீரர்களின் சவப்பெட்டிகளைப் படமெடுக்கத் தடை வந்தது. 2009 வரை நீடித்தது.

2001 செப்டம்பர் 14 அன்று, போர் தொடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் வந்தது. ஆதரவு 420; எதிர்த்தவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ ஒருவர் மட்டும். டாங்கின் தீர்மானத்தின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த மாதமே வந்த பேட்ரியாட் சட்டம், 1978இல் போட்ட கட்டுகளைப் பல இடங்களில் தளர்த்தியது. பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் குடியேற்ற அலுவலகங்களில் வரிசையில் நின்று கைரேகை பதிக்க வைக்கப்பட்டார்கள். நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்களுக்கும் மாணவர் சங்கங்களுக்கும் ஒற்றர்களை அனுப்பிவந்தது 2011இல் செய்தியாளர்களால் வெளிவந்தது. ஆப்கானிஸ்தான் போர் இருபதாண்டுகள் நீடித்து, வியட்நாமைவிட நீண்ட போர் என்ற பெயர் பெற்றது. அந்த இருபதாண்டுகளில் ஒரு வீட்டிலும் பிறந்த தேதியை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை.

முஹம்மது அலீ 2016 ஜூன் 3 அன்று வஃபாத்தானார். அவரை ராணுவத்துக்கு அழைத்த ஆள்சேர்ப்பு வாரியம் இருந்த அதே லூயிவில் நகரில், ஆயிரக்கணக்கானோர் ஜனாஸா தொழுகையில் பங்கேற்றார்கள். கட்சி வேறுபாடின்றித் தலைவர்கள் அவரை நாட்டின் பெருமை என்று புகழ்ந்தார்கள்.

கட்டாயச் சேவை நிறுத்தப்பட்டாலும், சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததையொட்டி 1980இல் கார்ட்டர் மீண்டும் கொண்டுவந்த ராணுவப் பதிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 18 முதல் 25 வயதுவரை உள்ள ஆண்கள் அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் பிறந்த முஸ்லிம் இளைஞர்களும், அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளும் அதில் அடக்கம். நாளை அழைப்பு வந்து, இந்தப் போர் அநியாயமானது என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அவர்முன் எடுத்து வைக்கப்படுவது அலீயை விடுவித்த தீர்ப்பு அல்ல, அதற்கு மூன்று மாதம் முன்பு வந்த தீர்ப்புதான்.